3389-ஐத் திறந்தேன், மூன்றாம் நாள் மூடினேன்

அப்பாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை என்று தேதி குறித்தார்கள். அவரோடு இரண்டு மாதமாவது தங்க வேண்டும். நான் கட்டட வரைபடம் போடுகிறவள். வரையும் மென்பொருளின் உரிமம் என் வீட்டு டெஸ்க்டாப்பில் மட்டும்தான் செல்லும். வேறு கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது. பழைய வேலைகளின் கோப்புகளே 600 ஜிபிக்கு மேல் அதில் கிடக்கின்றன. என் லேப்டாப்போ மின்னஞ்சல் பார்க்கவும் பில் அனுப்பவும் மட்டும்தான் தாங்கும். சரி, கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருக்கட்டும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே லேப்டாப்பிலிருந்து அதைத் திறந்து வேலை பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். கிளம்ப ஒரு வாரம் இருந்தது. வீட்டில் தம்பி இருப்பான், ஏதாவது என்றால் அவனிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். எல்லாம் ஒழுங்காகி நிலைக்க மூன்று வாரம் ஆனது. இதே அவசரத்தில் இருக்கிற யாரும் முதலில் செய்வது நான் செய்ததைத்தான்: ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் (எண் போட்ட ஒரு வாசல், என் விஷயத்தில் 3389) திறந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு வழி விடுவது. அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெறுமனே சொன்னால் நானே கேட்டிருக்க மாட்டேன். அதனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டர் பக்கம். விண்டோஸில் ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் அதிலிருந்து வேறொரு கம்ப்யூட்டருக்குள் போகலாம், அதற்குள் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. உள்ளே வர வேண்டுமானால் ப்ரோ பதிப்பு வேண்டும். என்னுடையது ப்ரோ. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் ஆன் செய்தால் போதும். அங்கேயே நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் என்று ஒன்று டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள். பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்த பிறகுதான் அது விண்டோஸ் திரையையே காட்டும். அது இல்லாவிட்டால் முகம் தெரியாத எவரும் லாகின் திரை வரைக்கும் வந்துவிடலாம்.

ஆன் செய்துவிட்டு, அதே வைஃபையில் இருந்த லேப்டாப்பிலிருந்து தட்டிப் பார்த்தேன். பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது, தவறு என்றது. நாலு முறை, ஐந்து முறை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் அதே ஆறு எண்களைத்தான் போட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: அது பின். பின் என்பது அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து போடுவதற்கு மட்டும். வெளியிலிருந்து வரும்போது அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தக் கம்ப்யூட்டரில் இதுவரை பின்னை மட்டுமே போட்டு வந்திருந்தால், பாஸ்வேர்டைப் போட்டு ஒரு முறையாவது நேரில் உள்ளே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியான பாஸ்வேர்டையும் தவறு என்றே சொல்லும். பாஸ்வேர்டே வைக்காத கணக்காக இருந்தால் வெளியிலிருந்து விடவே விடாது. நான் இதற்கென்றே ஒரு தனிக் கணக்கு உண்டாக்கினேன். நினைவில் நிற்கட்டும் என்று அதற்கு அட்மின் என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் என்னைப் பிறகு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது கீழே வரும்.

வீட்டுக்குள் இணைப்பு கிடைத்துவிட்டது. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வேலை செய்யாத எதுவும் வெளியிலிருந்து வேலை செய்யாது. நிறையப் பேர் இதைச் சோதிக்காமலே ரவுட்டருக்குப் போய்விட்டு, கோளாறு கம்ப்யூட்டரிலா ரவுட்டரிலா நெட் கொடுக்கிறவர்களிடமா என்று தெரியாமல் நாள்கணக்கில் தவிக்கிறார்கள். உள்ளிருந்து வெளியே என்று ஒவ்வொரு படியாகப் போங்கள். ஒரு படி உறுதியான பிறகு அடுத்தது.

அடுத்த படி ரவுட்டர். கம்ப்யூட்டரின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கு இருக்கும் எண், 192.168.1.14 என்று காட்டியது. இந்த முகவரியை ரவுட்டர்தான் கொடுக்கிறது, அது நிரந்தரம் கிடையாது. கம்ப்யூட்டர் சில நாள் அணைந்து கிடந்தால் அதே முகவரி வேறொரு ஃபோனுக்குப் போய்விடலாம். ஆகவே பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிஎச்சிபி என்ற பகுதியில், இந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) உள்ள கருவிக்கு எப்போதும் இதே ஐபி என்று பதிந்து வைத்தேன். கம்ப்யூட்டர் வைஃபையில் இருந்தால், விண்டோஸில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் என்பது அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆனில் இருந்தால் மேக் முகவரி மாறக்கூடும், பதிவு பயனற்றுப் போகும். நான் வைஃபையையே விட்டுவிட்டு கேபிள் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் தள்ளி இருக்கப்போகிற கம்ப்யூட்டருக்கு கேபிள்தான் நல்லது.

போர்ட் ஃபார்வர்டிங் என்றால் என்ன என்பதை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளி உலகத்துக்கு ரவுட்டரின் முகவரி ஒன்றுதான் தெரியும். உள்ளேயிருந்து ஒரு கருவி வெளியே எதையாவது கேட்டால், யார் கேட்டது, எந்த போர்ட் வழியாகக் கேட்டது என்று ரவுட்டர் ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவியிடம் கொடுக்கும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக ஒன்று வந்தால் அட்டவணையில் அதற்கு வரியே இருக்காது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த அட்டவணையில் நாமே கையால் எழுதி வைக்கும் ஒரு நிரந்தர வரி. 3389-க்கு எது வந்தாலும், யாரிடமிருந்து வந்தாலும், 192.168.1.14-க்கு அனுப்பு. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு இயல்பாக ஒதுக்கப்பட்ட எண் 3389. யாரிடமிருந்து வந்தாலும் என்ற அந்தப் பகுதியை அன்றைக்கு நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

வரியை எழுதி சேமித்தேன். வீட்டிலிருந்தபடியே, வெளி முகவரியைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. இது பலரை ஏமாற்றும் இடம். வீட்டுக்குள்ளிருந்து தன் வீட்டின் வெளி முகவரியைக் கூப்பிட்டால், அதை வெளியே போய்த் திரும்பி வந்ததுபோல் உள்ளேயே திருப்பிவிடும் திறன் எல்லா ரவுட்டருக்கும் இல்லை. ஆகவே வெளியிலிருந்து சோதிக்க வேண்டுமானால் உண்மையிலேயே வெளியே இருக்க வேண்டும். லேப்டாப்பை வைஃபையிலிருந்து விலக்கி, ஃபோனின் மொபைல் டேட்டாவில் இணைத்துப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. இந்த முறை காரணம் வேறு.

ரவுட்டரின் பக்கத்தில் வான் என்று ஒரு பகுதி இருக்கும். ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரி அங்கே தெரியும். என்னுடையதில் 100.72 என்று தொடங்கும் ஒன்று இருந்தது. என் ஐபி என்ன என்று சொல்லும் ஒரு தளத்தில் பார்த்தால் முற்றிலும் வேறு எண். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் நீங்கள் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. நடுவில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது என்று அர்த்தம். வான் பகுதியில் 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே நெட் நிறுவனம் வைத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின்பின் ஒன்றாக இருக்கும். முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் நெட்டை அப்படியே கடத்திவிடும்படி, மாற்றச் சொன்னால் தீரும். 100.64-லிருந்து 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் விஷயம் உங்கள் கையில் இல்லை.

நாம் இதுவரை பார்த்த வகை முகவரிகளுக்கு ஐபிவி4 என்று பெயர். அவை மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகளவில் ஒதுக்குவதற்கு இருந்த கடைசிப் பகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே கொடுத்து முடிக்கப்பட்டுவிட்டன. அதனால் நெட் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. அந்த ஏற்பாட்டின் பெயர் சிஜிநாட். அதற்கென்றே 2012-ல் ஆர்எஃப்சி 6598 என்ற இணைய நெறி ஆவணம் மூலம் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகளை ஒதுக்கினார்கள். அந்தப் பெரிய ரவுட்டரின் அட்டவணையில் எனக்காக ஒரு வரி எழுத என்னால் முடியாது. நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பொது ஐபி வேண்டும் என்று கேட்டேன். முதலில் பேசியவருக்கு நான் கேட்பது என்னவென்றே புரியவில்லை. அடுத்து பேசியவர் ஒரே வரியில் புரிந்துகொண்டு மறுநாள் மாற்றிக்கொடுத்தார். சிஜிநாட்டிலிருந்து என்னை எடுத்துப் பொது ஐபியில் போடுங்கள் என்று அவர்களுடைய வார்த்தையிலேயே கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கிறது.

கிடைத்தது மாறும் முகவரிதான். ரவுட்டரை அணைத்து ஆன் செய்தால் வேறு எண் வரும். அதற்கு டைனமிக் டிஎன்எஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், முகவரி மாறும்போதெல்லாம் ரவுட்டரே போய் இப்போது இந்தப் பெயருக்கு இந்த எண் என்று சொல்லிவிட்டு வந்துவிடும். நான் எண்ணை மறந்துவிட்டு அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மொபைல் டேட்டாவில் மீண்டும் சோதித்தேன். திரை விரிந்தது. என் மேசை மேலிருக்கும் கம்ப்யூட்டர், ஐகான்கள், நான் பாதியில் விட்ட வரைபடம் எல்லாம் லேப்டாப்பில். அவ்வளவு சந்தோஷம். மறுநாள் கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் அருமையாக ஓடியது. அப்பா தூங்கும் நேரத்தில் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு தளங்களின் வரைபடத்தை முடித்தேன். நடுவில் தம்பி ஒரு முறை கூப்பிட்டான்.

"அக்கா, நான் உன் கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுத்துட்டு இருந்தேன், திடீர்னு லாக் ஆயிடுச்சு."

"நான்தான்டா உள்ள வந்தேன். விண்டோஸ்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான். நீ வேணும்னா சொல்லிட்டு உட்காரு."

ப்ரோ பதிப்பில் ஒருவர் வெளியிலிருந்து நுழைந்தால் நேரில் இருப்பவருக்குத் திரை பூட்டிக்கொள்ளும். வீட்டில் இன்னொருவர் அதே கம்ப்யூட்டரைத் தொடுவார் என்றால் முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை. பத்து மணிக்குள் ஒரு திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். இணைத்தால், அதிக முறை தவறாக முயன்றதால் இந்தக் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, சற்று நேரம் கழித்து முயலவும் என்று ஒரு செய்தி. நான் ஒரு முறைகூடத் தவறாகப் போடவில்லை. தம்பிதான் ஏதோ செய்துவிட்டான் என்று நினைத்துக் கூப்பிட்டேன். அவன் தொடவே இல்லை என்றான். பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் போட்டேன். அதே செய்தி.

அவனுடைய கணக்கில் நுழைந்து, நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொன்னேன். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி. வீடியோ காலில் ஃபோனைத் திரை முன்னால் பிடித்தான். 4625, 4625, 4625. அவன் கீழே இழுக்க இழுக்க அதே எண்தான். 4625 என்றால் நுழைய முயன்று தோற்ற பதிவு. சில வினாடிக்கு ஒன்று. "ஒவ்வொண்ணையும் திறந்து யார் பேர்னு படிடா" என்றேன். அவன் படித்துக்கொண்டே போனான். அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர், டெஸ்ட், கெஸ்ட், ஸ்கேன், பேக்கப், நான் கேள்விப்பட்டே இராத சில பெயர்கள், அப்புறம் அட்மின். நடுநடுவே அட்மின்.

நேரத்தைப் பார்க்கச் சொன்னேன். பொது ஐபி கிடைத்த இரவே தொடங்கியிருந்தது. அந்த இரண்டு நாளும் நான் வரைந்துகொண்டிருந்தபோது எங்கிருந்தோ நிரல்கள் பெயர் மாற்றிப் பெயர், பாஸ்வேர்ட் மாற்றிப் பாஸ்வேர்ட் என்று என் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. எனக்குக் கை சில்லிட்டது. வாடிக்கையாளர்களின் வீட்டு வரைபடங்கள் அதில் இருக்கின்றன. எந்த அறை எங்கே, எந்த வாசல் எந்தப் பக்கம் என்று எல்லாம்.

என்னை வெளியே நிறுத்திய அந்தப் பூட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பத்து முறை தவறினால் பத்து நிமிடம் கணக்கைப் பூட்டுவது, புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-ல் 2022-இன் பதிப்பிலிருந்து இயல்பாகவே இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவர்கள் தடையில்லாமல் நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். ஆனால் அதே பூட்டு எனக்கும் விழுகிறது. உலகத்தில் எல்லோரும் ஊகிக்கக்கூடிய ஒரு பெயரை வைத்ததால், அந்தப் பெயருக்கு வரும் தவறான முயற்சிகள் என் கணக்கை ஓயாமல் பூட்டிக்கொண்டே இருந்தன.

செக்யூரிட்டி லாகில் 4624 என்பது வெற்றியாக நுழைந்த பதிவு. என் கணக்கின் பெயரில் இருந்த 4624-களை ஒவ்வொன்றாக, நான் இணைத்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் என்னுடையவையே. அதை உறுதி செய்யும் வரை நான் அப்பாவிடம் என்ன பேசினேன் என்றே எனக்கு நினைவில்லை. உங்கள் போர்ட் இப்போது திறந்திருந்தால் இதைப் படித்து முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த லாகைத்தான்.

என் முகவரி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தம்பி கேட்டான். தெரிய வேண்டியதே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் வெளியிட்ட ஸீமேப் என்ற ஆய்வுக் கருவி, ஒரே கம்ப்யூட்டரையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்து, ஐபிவி4 முகவரிகள் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அப்படியென்றால் யாரும் என்னைத் தேடி வரவில்லை. எல்லா வீட்டையும் தட்டிக்கொண்டு போகிறார்கள், என் வீட்டில் பதில் வந்தது, அவ்வளவுதான். பாஸ்வேர்ட் பலமாக இருந்தால் போதும் என்று சொல்பவர்களுக்கு 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் ஓட்டையை நினைவுபடுத்துகிறேன். விண்டோஸ் 7 முதலான பழைய பதிப்புகளில், பாஸ்வேர்டே தேவைப்படாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே புகுந்து நிரலை ஓட்ட அது இடம் கொடுத்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அப்போது திருத்தம் வெளியிட்டார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3389-க்குப் பதிலாக வெளிப்பக்கம் வேறு எண் வைத்தால் என்ன என்று நானும் யோசித்தேன். தட்டும் சத்தம் குறையும், நிற்காது. வேறு எண்ணில் இருந்தாலும் தட்டினால் இது ரிமோட் டெஸ்க்டாப் என்று அதுவே பதில் சொல்லிவிடுகிறதே. அன்றைக்கே தம்பியை ரவுட்டர் பக்கத்துக்குள் போகச் சொல்லி அந்த வரியை நீக்க வைத்தேன். திருத்தம் பத்து மணிக்குப் போகவில்லை. கோப்பை அவனே கிளவுடில் ஏற்றிக் கொடுத்து, இன்னொரு நண்பரின் அலுவலகத்தில் திறந்து, சாயங்காலம்தான் அனுப்ப முடிந்தது.

இனி, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ரிமோட் டெஸ்க்டாப்பை வெளியில் காட்டவே கூடாது. முதலில் விபிஎன் (இணையத்தின் வழியே போடும் பூட்டிய தனிப் பாதை) மூலம் வீட்டு நெட்வொர்க்குக்குள் வர வேண்டும், வந்த பிறகு, வீட்டு வைஃபையில் இருந்து சோதித்த அதே உள் முகவரியைக் கொண்டு கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும். என் ரவுட்டரில் வயர்கார்ட் என்ற விபிஎன் ஏற்கெனவே இருந்தது, நான்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை. இதற்கும் ரவுட்டர் ஒரு போர்ட்டில் காத்திருக்கத்தான் வேண்டும்; வழக்கமாக யுடிபி 51820. அப்படியென்றால் அதையும் தட்ட மாட்டார்களா? தட்டுவார்கள். ஆனால் சரியான கீ இல்லாதவருக்கு வயர்கார்ட் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லாது. தவறு என்றும் சொல்லாது. தட்டியவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ஊகித்துப் பார்க்கப் பெயரும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை.

கீ என்பது ஒரு ஜோடி. லேப்டாப்பில் வயர்கார்ட் செயலியைப் போட்டதும் இரண்டு கீ உண்டாகும். பிரைவேட் கீ லேப்டாப்பை விட்டு எங்கும் போகக் கூடாது. பப்ளிக் கீயை மட்டும் ரவுட்டரில் பதிய வேண்டும். 44 எழுத்து கொண்ட அந்த வரியைத் தம்பிக்கு மெசேஜில் அனுப்பினேன், அவன் ரவுட்டரில் ஒட்டினான். ரவுட்டரின் பப்ளிக் கீயை அவன் எனக்கு அனுப்பினான், நான் லேப்டாப்பில் ஒட்டினேன். பப்ளிக் கீ யார் கண்ணில் பட்டாலும் கவலையில்லை. சில ரவுட்டர்கள் இரண்டு கீயையும் தாமே உண்டாக்கி க்யூஆர் கோடாகக் காட்டும். வசதிதான். ஆனால் அந்தக் கோடுக்குள் பிரைவேட் கீயும் இருக்கிறது. அதைப் படம் பிடித்து மெசேஜில் அனுப்புவது வீட்டுச் சாவியை அனுப்புவதுதான். நேரில் ஸ்கேன் செய்யலாம், படமாக அனுப்ப வேண்டாம்.

விபிஎன் இணைந்தது. ரவுட்டரும் லேப்டாப்பும் பேசிக்கொள்கின்றன என்று செயலி காட்டுகிறது. 192.168.1.14 என்று போட்டால் ரிமோட் டெஸ்க்டாப் வரவில்லை. இதில் இரண்டு இரவு போனது. என் வீட்டு ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. அப்பா தங்கியிருந்த வீட்டின் ரவுட்டரும் அதே 192.168.1 முகவரிகளைத்தான் கொடுக்கிறது. எத்தனையோ ரவுட்டர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே இப்படித்தான் வருகின்றன. 14-ஐத் தேடு என்று சொன்னால் லேப்டாப் இந்த வீட்டிலேயே 14 யார் என்று தேடிவிட்டு, இல்லை என்று கைவிரித்தது. வீட்டு ரவுட்டரின் உள் முகவரியை 192.168.73 என்று மாற்றினோம். மாற்றிய நொடியில் வீட்டில் எல்லாக் கருவிகளும் துண்டித்து மீண்டும் இணையும்; கம்ப்யூட்டருக்குப் பதிந்து வைத்த நிரந்தர ஐபியையும் புதிதாகப் பதிய வேண்டும்; வயர்கார்ட் அமைப்பில் அலவ்டு ஐபி என்ற இடத்திலும் புது எண்ணை எழுத வேண்டும். இதை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்திருந்தால் பத்து நிமிட வேலை. 1-ஐயும் 0-வையும் விட்டுவிட்டு யாரும் வைக்காத ஓர் எண்ணாக முதலிலேயே மாற்றி வையுங்கள்.

மாற்றியதும் வந்தது. வேகம் முன்புபோலவேதான், குறையவில்லை. கையோடு அட்மின் கணக்கை நீக்கிவிட்டு, ஊகிக்க முடியாத பெயரில் சாதாரணக் கணக்கு ஒன்றை உண்டாக்கினேன். வரைவதற்கு நிர்வாகி உரிமை எதற்கு? விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதியைத் திறந்து, ஸ்கோப் என்ற தாவலில், விபிஎன் முகவரிகளிலிருந்தும் வீட்டு முகவரிகளிலிருந்தும் வருவதை மட்டும் விடு என்று கட்டுப்படுத்தினேன். நாளைக்கு ரவுட்டரில் யாராவது தெரியாமல் எதையாவது திறந்துவிட்டாலும் கம்ப்யூட்டர் மறுத்துவிடும்.

சிஜிநாட்டிலிருந்து வெளியே வரவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டெயில்ஸ்கேல் போன்றவை வயர்கார்டையே அடிப்படையாகக் கொண்டவை. இரண்டு கம்ப்யூட்டர்களும் உள்ளிருந்து வெளியே போய், நடுவில் ஒரு சர்வர் மூலம் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு, முடிந்தால் நேராகவும் முடியாவிட்டால் ஒரு இடைநிலை சர்வர் வழியாகவும் பேசிக்கொள்ளும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், பொது ஐபிக்காக யாரையும் கூப்பிட வேண்டாம். ரவுட்டர் பக்கத்தைத் திறக்கவே தயங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அந்தச் சேவையில் நீங்கள் நுழையும் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்தக் கணக்குதான் உங்கள் வாசல்.

அப்புறம் தூக்கம். விபிஎன் நன்றாக இருந்தும் ஒரு நாள் மதியம் கம்ப்யூட்டர் வரவில்லை. அரை மணி நேரம் யாரும் தொடாததால் ஸ்லீப்புக்குப் போயிருந்தது. எழுப்புவதற்கு வேக் ஆன் லேன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சிறு பொட்டலம் அனுப்ப வேண்டும்: ஆறு பைட் ஒரே எண், அதைத் தொடர்ந்து கம்ப்யூட்டரின் மேக் முகவரி பதினாறு முறை, மொத்தம் 102 பைட். கம்ப்யூட்டர் தூங்கினாலும் அதன் நெட்வொர்க் கார்டு இதற்காகக் காதைத் திறந்து வைத்திருக்கும். ஆனால் இந்தப் பொட்டலம் ஒரே நெட்வொர்க்குக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்புவது. விபிஎன் வழியாகப் போனால் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. என் ரவுட்டர் பக்கத்திலேயே எழுப்பும் பட்டன் இருந்ததால் விபிஎன்னில் வந்து அதை அழுத்தினேன். பிறகு அதுவும் வேண்டாம் என்று ஸ்லீப்பையே நிறுத்திவிட்டு மானிட்டர் மட்டும் அணையும்படி வைத்தேன். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில், மின்சாரம் போய் வந்தால் தானாக ஆன் ஆகு என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை மட்டும் நேரில்தான் செய்ய முடியும். தம்பியிடம் வீடியோ காலில் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தேன், ஒரு மணி நேரம் ஆனது. கிளம்பும் முன் செய்து, பிளக்கைப் பிடுங்கிச் செருகி ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு இணைப்பின் டவுன்லோடு வேகத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். இங்கே வீட்டிலிருந்து திரை வெளியே வருகிறது, ஆகவே அப்லோடுதான் முக்கியம். அதைவிட முக்கியம் தாமதம். மவுஸை நகர்த்தி, கோடு கண்ணுக்கு வரக் கொஞ்சம் நேரமானாலும் கை தடுமாறும். எனக்கு மொபைல் டேட்டாவில் வரையவே முடியவில்லை, கேபிள் இணைப்புக்கு வந்ததும் வீட்டில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. திரையின் அளவைக் குறைத்து, பின்னணிப் படத்தை நிறுத்தினாலும் கொஞ்சம் லேசாகும்.

அப்பா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். நான் வீடு திரும்பிய அன்று ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் காலியாக இருந்தது. கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள அனுமதிக்கும் யுபிஎன்பி ஆனில் இருந்தது; அதையும் அணைத்தேன். வயர்கார்ட் பட்டியலில் என் லேப்டாப், என் ஃபோன், அப்பா வீட்டில் ஒரு நாள் அவசரத்துக்குப் பயன்படுத்திய பழைய டேப்லெட் என்று மூன்று கீ இருந்தன. டேப்லெட்டின் கீயை நீக்கினேன். அடுத்த மாதம் தம்பி படிக்க வெளியூர் போகிறான். அவனுடைய லேப்டாப்பின் பப்ளிக் கீயை அந்த இடத்தில் அவனே ஒட்டினான்.